பெயின்ட் அடித்த கூலிங் கிளாஸ் பிரேம் கெட்டுப்போனால்: குறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஸ்பிரே அடித்து முடித்த பிரேமில் ஒரு குறை கண்ணில் பட்டதும் கை தானாக டப்பாவை எடுக்கும். மேலே இன்னொரு கோட் விட்டால் மறைந்துவிடும் என்று மனசு சொல்லும். நான் முதன்முதலில் அடித்த மூன்று பிரேம்களும் அப்படித்தான் கெட்டன. யாங்கோனில் தாம்வே பக்கம் நாலாவது மாடி வீடு எங்களுடையது. பின்சந்தைப் பார்த்த பால்கனியில் மூன்றும் கொடிக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் வெள்ளைப் புகை, ஒன்றில் சுருக்கம், இன்னொன்று தொட்டால் விரலோடு வந்தது. முப்பது வருஷம் கார் பெயின்ட் பட்டறையில் நின்ற பெரியப்பா அவற்றை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "மறைக்கப் பாக்காதம்மா. அடியில என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் டப்பாவைத் தொடு" என்றார்.

ஏப்ரலில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் புத்தாண்டும் ஒட்டியே வரும். வெயிலுக்கும் தெருவில் வீசும் தண்ணீருக்கும் சேர்த்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் கூலிங் கிளாஸ் வேண்டும். தெய்ஞ்சி சந்தையில் எல்லாம் ஒரே கறுப்பில்தான் கிடைக்கும். ஆளுக்கொரு நிறம் கேட்பார்கள், நான் வீட்டில் அடித்துக் கொடுக்கிறேன். அந்த வேலையில் நான் பார்த்த குறைகளையும் அவற்றின் காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் பிரேமில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். பாதிக் குறைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில், கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக்?

கடையில் எல்லாவற்றுக்கும் பெயர் பிளாஸ்டிக்தான். பெயின்டுக்கு அப்படி இல்லை. பாலிகார்பனேட், டிஆர்90 என்கிற நைலான் வகை, பாலிபுரோப்பிலீன், அசிட்டேட் என்று நான்கு வகை சாதாரணமாகக் கைக்கு வரும். நான்கும் பெயின்டை நான்கு விதமாக ஏற்கும்.

காதில் மாட்டும் காலின் உள்பக்கத்தைப் பாருங்கள். 52, 18, 140 என்பது போன்ற எண்கள் மில்லிமீட்டர் அளவுகள்: லென்ஸின் அகலம், மூக்கின் மேல் வரும் இடைவெளி, காலின் நீளம். அவற்றுக்குப் பக்கத்தில் சில சமயம் டிஆர்90 என்று அச்சிட்டிருக்கும். ஒன்றும் இல்லையென்றால் தண்ணீர்ச் சோதனை செய்யலாம். கீலின் திருகைக் கழற்றி ஒரு காலைத் தனியாக எடுங்கள். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, காலை முழுக்க முக்கி, ஒட்டிய காற்றுக்குமிழிகளைத் தட்டிவிட்டு விடுங்கள். விறுவிறுவென்று மேலே வந்து மிதந்தால் பாலிபுரோப்பிலீன். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அதற்கு 0.9 அளவுதான். மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் தயங்கி நின்றால், அல்லது மெல்ல இறங்கினால், டிஆர்90. அதன் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீருக்குச் சமம். கல் போல் அடியில் போய் உட்கார்ந்தால் பாலிகார்பனேட் (1.2) அல்லது அசிட்டேட் (1.3 பக்கம்). காலுக்குள் நீளமாக ஒரு உலோகக் கம்பி தெரிகிறதா? அப்படியென்றால் மிதக்கும் சோதனை வேண்டாம். அது பெரும்பாலும் அசிட்டேட். கையில் எடுத்தாலே கனம் தெரியும். ஆமையோட்டு வடிவம் மேலே அச்சாக இல்லாமல் உள்ளே வரை ஓடியிருக்கும்.

பாலிகார்பனேட் பெயின்டைப் பிடிக்கும், ஆனால் தின்னரையும் அசிட்டோனையும் கண்டால் விரிசல் விடும். டிஆர்90 வளையும், அதனால் மேலே இருக்கும் பெயின்டும் வளைந்தாக வேண்டும். பாலிபுரோப்பிலீன் மேல் சாதாரணப் பிரைமர் (நிறத்துக்கு முன் விடும் பூச்சு) நிற்காது. பிளாஸ்டிக்குக்கென்று விற்கும், ஒட்டுத்தன்மை கூட்டும் அடிக்கோட் ஒன்று முதலில் வேண்டும். அசிட்டேட்டுக்குப் பெயின்டே வேண்டாம் என்பது என் முடிவு. காரணம் கீழே வருகிறது.

எந்த வகையானாலும் லென்ஸைக் கழற்றாமல் அடிக்காதீர்கள். டேப் ஒட்டி மறைத்தாலும் ஸ்பிரேயின் ஆவி இடுக்கில் புகுந்து லென்ஸின் ஓரத்தைக் கெடுக்கும். அடிக்கும்போது பால்கனியில் நில்லுங்கள், பக்கத்து அறையில் அடுப்போ சாமி விளக்கோ எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். சாதாரண முகக்கவசம் பெயின்ட் துகளைத்தான் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கார் பட்டறையில் அடிக்கிற, கெட்டியாக்கும் திரவம் கலந்த இரண்டு பாகக் கிளியர் கோட்டை (நிறத்துக்கு மேல் விடும் நிறமில்லாத பூச்சு) வீட்டில் தொடவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. பெரியப்பாவின் கூட்டாளி ஒருவருக்கு அந்த வேலையில் வந்த இழைப்பு இன்னும் போகவில்லை.

பெயின்ட் தோல் உரிவது போல் கழன்று வருகிறது

கழன்ற ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முக்கியமான சாட்சி அதன் முதுகில் இருக்கிறது.

முதுகு வழவழவென்று, பிரேமின் பளபளப்பை அச்செடுத்தது போல் இருந்தால் பெயின்ட் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை. உப்புத்தாள் போடவில்லை, அல்லது போட்ட பிறகு விரல் பட்டிருக்கிறது, அல்லது அச்சிலிருந்து பிரேம் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் தடவிய வழுக்குப் பொருள் இன்னும் இருக்கிறது, அல்லது பிரேம் பாலிபுரோப்பிலீன். சில்லின் முதுகில் பிரைமர் ஒட்டியிருந்து, பிரேமிலும் பிரைமர் மிச்சமிருந்தால் கதை வேறு. பிரைமர் சரியாகப் பிடித்திருக்கிறது, ஆனால் அதுவே இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஒரே மூச்சில் கெட்டியாக அடித்துவிட்டீர்கள், உள்ளே காயவில்லை. பிரைமர் முழுக்கப் பிரேமிலேயே நின்று, நிறம் மட்டும் உரிந்தால் இரண்டுக்கும் நடுவில் தூசியோ எண்ணெயோ இருந்திருக்கிறது. அல்லது பிரைமர் நாள்கணக்கில் காய்ந்து இறுகிய பின் உப்புத்தாள் காட்டாமல் நிறத்தை விட்டிருக்கிறீர்கள்.

முதல் வகைக்கு ஒட்டுப்போட முடியாது. முழுக்க எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். பிடிக்காத பெயின்ட் என்பதால் நகத்தாலும் டேப்பாலும் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்தை 400 எண் உப்புத்தாளில் எடுக்கலாம் (எண் கூடக் கூடத் தாளின் சொரசொரப்பு குறையும்). நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் மூன்றும் வேண்டாம்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கீல் இடுக்கையும் மூக்கின் அடியையும் விடாதீர்கள். கழுவிய பிறகுதான் உப்புத்தாள். முதலில் தேய்த்தால் அழுக்கை உள்ளே தேய்த்து ஏற்றுவீர்கள். 600 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு ஓரிடத்திலும் மிஞ்சாதபடி தேயுங்கள். வளைவின் உள்பக்கத்துக்குத் தாளைச் சுருட்டி ஈர்க்குச்சியில் சுற்றிக்கொண்டால் போகும். கடைசியாகத் தண்ணீரில் முக்கித் தூக்குங்கள். தண்ணீர் மேலே முழுக்க ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். ஓரிடத்தில் படலம் அறுந்து முத்து முத்தாகச் சேர்ந்தால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில்லாத துணியில் எடுத்து ஒரே ஒரு தடவை துடையுங்கள். அதற்குப் பின் வெறும் கை படக்கூடாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கும் வீட்டில் கையுறை இல்லாமல் இந்த வேலை நடக்காது.

பிரைமர் காய்ந்து ஒரு நாள் ஆனதும், காலின் உள்பக்கத்தில் மறைவான ஓரிடத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் கீறி, மாஸ்க்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்துப் பாருங்கள். ஒரு கட்டமாவது டேப்போடு வந்தால் நிறத்துக்குப் போகாதீர்கள்.

வெள்ளைப் புகை படிந்தது போல் மங்குகிறது

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை இந்த ஊரில் பெயின்ட் அடிப்பவர்கள் எல்லாரும் அனுபவிக்கிற குறை இது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். கைலி காய மூன்று நாள் ஆகிறது, உப்பு ஜாடியில் உப்பு கசிகிறது. அந்தக் காற்றில்தான் நாம் ஸ்பிரேயை விடுகிறோம்.

நடப்பது இதுதான். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பிரேமின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். கையில் சானிட்டைசர் விட்டால் ஜில்லென்று இருக்கிறதே, அதே கதை. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், மேற்பரப்பு 3 டிகிரி குளிர்ந்தாலே போதும், காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனியாகப் படிந்துவிடும். ஈரம் 50 சதவீதமாக இருக்கும் ஜனவரியில் 11 டிகிரிக்கு மேல் குளிர வேண்டும், அவ்வளவு குளிராது. படிந்த ஈரம் காயாத பெயின்டுக்குள் சிக்கி நுண்ணிய ஓட்டைகளை விட்டுப் போகும். அவைதான் வெள்ளையாகத் தெரிகின்றன. கறுப்பிலும் கருநீலத்திலும் அப்பட்டமாகத் தெரியும். வெள்ளைப் பிரேமில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது.

துடைத்துப் பார்க்காதீர்கள், போகாது. பிரேமை வீட்டுக்குள் எடுத்து வந்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், மருந்துப் பாட்டிலிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் பத்துப் பதினைந்தோடு இரண்டு நாள் வையுங்கள். முதலில் ஒரு மணி நேரமாவது திறந்த காற்றில் ஆவி போகட்டும், பிறகு டப்பா. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நாளில், நடுப்பகல் 12 முதல் 3 மணிக்குள், அதே பெயின்டையோ அதே வகைக் கிளியரையோ தூரத்திலிருந்து மிக மெல்லிய ஒரு தூறலாக மட்டும் விடுங்கள். அது மேற்பரப்பைக் கொஞ்சம் இளக்கும், சிக்கிய ஈரம் வெளியேறும், பல சமயம் கறுப்பு கறுப்பாகத் திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் 1000 உப்புத்தாளில் நனைத்துத் தேய்த்து, கடைசிக் கோட்டை மட்டும் மறுபடி அடிக்க வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். திஞ்சானுக்கு வேண்டியதை நான் இப்போது தைப்பொங்கல் முடிந்த கையோடு அடித்து வைத்துவிடுகிறேன். பெயின்ட் இறுகவும் நேரம் கிடைக்கிறது.

நாள்கணக்கில் பிசுபிசுப்பு போகவில்லை

மோந்து பாருங்கள். ஒரு வாரம் கழித்தும் பெயின்ட் வாசனை வந்தால் கரைப்பான் உள்ளே அடைபட்டிருக்கிறது. கெட்டியாக அடித்த கோட்டில் மேலே ஆடை கட்டி, அடியில் பால் பாலாகவே நிற்பது போல. நகத்தை அழுத்தினால் பள்ளம் விழும். இதற்கு மருந்து நேரம்தான். மின்விசிறிக் காற்றில் படும்படி தொங்கவிடுங்கள், கரண்ட் போனால் ஜன்னலோரம் மாற்றுங்கள். ஹேர் டிரையரையும் மொட்டைமாடி வெயிலையும் நம்பாதீர்கள். சூட்டில் ஆடை இன்னும் இறுகும், அடியில் ஆவி கொப்புளமாக எழும்பும், கால் வேறு கோணிக்கொள்ளும். இரண்டு வாரம் ஆகியும் பள்ளம் விழுந்தால் எடுத்துவிட்டுத் திரும்ப அடிப்பதே வழி.

வாசனையே இல்லை, ஆனால் பிசுபிசுக்கிறது என்றால் பிளாஸ்டிக்கைச் சந்தேகப்படுங்கள். அசிட்டேட்டை வளையும்படி வைத்திருப்பது அதில் கலந்த மென்மையாக்கும் எண்ணெய்ப் பொருள். அது ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியே கசிந்துகொண்டே இருக்கும். பழைய அசிட்டேட் பிரேமில் வெள்ளைப் பூத்தது போல் வருவதற்கும் அது ஒரு காரணம். அந்தக் கசிவு மேலே இருக்கும் பெயின்டை அடியிலிருந்து இளக்குகிறது. அத்தையின் தடித்த பழுப்புப் பிரேமுக்கு மயில்கழுத்து நிறம் அடித்தேன். அடித்த மாதம் அருமையாக இருந்தது. மூன்றாம் மாதம் காதோரம் அவர் முடி ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. "கழட்டுறப்போ ரெண்டு முடியும் சேர்ந்து வருதுடி" என்று அத்தை பிரேமையே திருப்பிக் கொடுத்தார். பெயின்டை முழுக்க எடுத்து, 2000 உப்புத்தாள் வரை ஏற்றித் தேய்த்து, பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பழுப்பு உள்ளேயிருந்து தேன் போல் மின்னியது, அதைத்தான் இன்றும் போட்டிருக்கிறார். அசிட்டேட் பிரேமுக்கு அழகு அதன் சொந்த நிறம். அதை மூட வேண்டாம்.

குழி குழியாக விலகுகிறது

அடித்த சில நொடிகளிலேயே பெயின்ட் ஒரு புள்ளியை விட்டு விலகி, நடுவில் அடி தெரியும் வட்டக் குழியாக நிற்கும். எண்ணெய் அல்லது சிலிகோன். தலைமுடிக்குப் போடும் சீரம், கார் டேஷ்போர்டைத் துடைக்கும் பாலிஷ் இரண்டிலும் சிலிகோன் உண்டு. ஒரே பால்கனியில் யாராவது அவற்றைப் பயன்படுத்தியிருந்தாலே போதும். குழியைப் பெயின்டால் நிரப்பப் போகாதீர்கள், மேலே விடுவதும் விலகத்தான் செய்யும். நிறுத்தி, ஒரு நாள் காயவிட்டு, குழி மறையும் வரை தேய்த்து, சோப்பில் கழுவி, ஆல்கஹாலில் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். துடைக்கும் துணியைப் புதிதாக எடுங்கள்.

இரண்டாம் கோட் போட்டதும் சுருங்கிக்கொண்டது

கொதித்த பால் ஆடை போல் சுருக்கம் விழுந்தால், மேல் கோட்டின் கரைப்பான் பாதி காய்ந்த கீழ் கோட்டை ஊறவைத்து ஊதவைத்திருக்கிறது. எனாமல் டப்பாக்கள் பலவற்றில் அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடி, இல்லையென்றால் 48 மணி நேரம் கழித்து அடி என்று எழுதியிருக்கும். நடுவில் அடித்தால் இதுதான் கதி. எனாமல் மேல் லாக்கர் வகையை (கரைப்பான் ஆவியானதுமே காய்ந்துவிடும் பெயின்ட்) விட்டாலும் இப்படி ஆகும். பிரைமர், நிறம், கிளியர் மூன்றையும் ஒரே கம்பெனியில், ஒரே வகையில் வாங்குங்கள். டப்பாவில் எழுதியிருப்பதை அடிக்கும் முன் படியுங்கள், மொழி தெரியவில்லை என்றால் கடைக்காரரிடம் கேட்டுத் தமிழில் டப்பா மேலேயே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். என் டப்பாக்கள் எல்லாவற்றிலும் நேரம் எழுதிய சீட்டு இருக்கிறது. சுருங்கியதை முழுக்கக் காயவிட்டுத் தேய்த்தெடுக்க வேண்டும், குறுக்குவழி கிடையாது.

ஆரஞ்சுத் தோல், வழிசல், சொரசொரப்பு

மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத்தின் தோல் போல் குண்டும் குழியுமாக இருப்பது, பெயின்ட் வழிவது, மணல் போல் சொரசொரப்பது, மூன்றும் பெரும்பாலும் தூரத்தின் குறைதான். 20 முதல் 25 சென்டிமீட்டர் வையுங்கள். கிட்டப் போனால் வழியும், தள்ளிப் போனால் துகள் காற்றிலேயே காய்ந்து மணலாக விழும். ஏப்ரல் வெயிலில் 25 சென்டிமீட்டரே அதிகமாக இருக்கலாம். டப்பா குளிர்ந்திருந்தால் துளி பெரிதாக விழும், அதுவே ஆரஞ்சுத் தோல். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி, நன்றாகக் குலுக்கி அடியுங்கள். 50 டிகிரிக்கு மேல் போனால் டப்பா வெடிக்கலாம், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பொத்தானைப் பிரேமுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பிரேமைக் கடந்து போய் விடுங்கள்.

பிளாஸ்டிக்கிலேயே மயிரிழை விரிசல்

இந்த ஒரு குறைக்கு மட்டும் திருத்தம் இல்லை. பாலிகார்பனேட்டை அச்சில் வார்க்கும்போது உள்ளே ஓர் இழுவிசை தங்கிவிடும், கீல் திருகைச் சுற்றியும் லென்ஸ் மூலையிலும் அது அதிகம். அசிட்டோனோ தின்னரோ பட்டால் அந்த இடங்கள் விட்டுக்கொடுக்கும். பிரேமை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கீலிலிருந்து வெளியே ஓடும் வெள்ளிக் கோடுகள் தெரிந்தால் அது பெயின்டின் விரிசல் இல்லை. பெயின்ட் விரிசல் நகத்தில் தட்டுப்படும், இது உள்ளே ஓடும். அப்படிப்பட்ட பிரேமைப் பெயின்டால் மூடிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். திஞ்சானில் குழாய்த் தண்ணீர் முகத்தில் அடிக்கும்போது அது கண்ணுக்குப் பக்கத்தில் ஒடியும். குப்பையில் போடுங்கள்.

விரிசல் பெயின்டில் மட்டும், அதுவும் கால் வளையும் இடத்தில் மட்டும் என்றால் பிரேம் டிஆர்90 ஆக இருக்கலாம். கோட்டைக் குறைத்து மெல்லியதாக அடியுங்கள். கார் பெயின்ட் கடையில், பம்பருக்கு வளையும் தன்மை கொடுக்கும் கிளியர் ஸ்பிரே கிடைத்தால் அது நல்லது.

கீல் பக்கத்தில் தெறிக்கிறது

கால் மடங்கும்போது இரண்டு முகங்கள் ஒன்றோடொன்று உரசும். அந்த முகங்களில் பெயின்ட் இருக்கவே கூடாது. கால்களைக் கழற்றித் தனித்தனியாக அடியுங்கள், உரசும் முகங்களில் டேப் ஒட்டுங்கள், திருகு ஓட்டையில் பல்குச்சி செருகுங்கள். அதையே பிடியாகவும் வைத்துக்கொள்ளலாம். தெறித்துவிட்ட பிரேமுக்கு, உரசும் முகத்தை வெறும் பிளாஸ்டிக் வரை சுரண்டி, ஓரத்தை 1000 உப்புத்தாளில் சரித்துவிட்டு, தெறித்த இடத்தைச் சின்னத் தூரிகையால் தொட்டுவையுங்கள்.

காதோரமும் கன்னத்தில் படும் விளிம்பும் தேய்ந்து போகிறது

இந்த ஊரில் பிரேமின் கீழ் விளிம்பு கன்னத்துத் தனாக்காவின் (இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டை விழுது) மேல் உட்காருகிறது. அரைத்த கட்டை காய்ந்து மாவாக நிற்கும்போது, கண்ணாடியை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் மெல்ல உரசும். அது தேய்க்கத்தான் செய்யும், கரைக்காது. கரைப்பவை இரண்டு: வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன், கொசுவுக்குப் பூசும் டீட் கலந்த மருந்து. டீட் பெயின்டையும் பல பிளாஸ்டிக்குகளையும் இளக்கும். அதைப் பூசிய கையோடு கண்ணாடியைத் தொட்டால் விரல் ரேகை அப்படியே பெயின்டில் பதியும். தம்பி மகன் பிரேமில் கட்டைவிரல் ரேகை தெளிவாக இருந்ததைப் பார்த்துத்தான் காரணமே பிடிபட்டது.

காலின் உள்பக்கம், காதின் மேல் படும் வளைவு, மூக்கில் படும் இடம் மூன்றையும் டேப் ஒட்டி வெறுமனே விட்டுவிடுங்கள். தோலுக்கும் அதுவே நல்லது, வேர்வையில் ஊறும் பெயின்ட் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். கிளியர் கோட் தொட்டால் காய்ந்தது போல் இருந்தாலும் முழுக்க இறுக இரண்டு வாரம் கொடுங்கள், அதுவரை யாருக்கும் போடக் கொடுக்காதீர்கள். இதில் நான் பிடிவாதம். பிள்ளைகள் அழுதாலும் கொடுப்பதில்லை.

டேப் எடுத்த கரை பிசிறடிக்கிறது

இரண்டு நிறம் அடிக்கும்போது, டேப் ஒட்டிய பின் முதல் நிறத்தையோ கிளியரையோ மெல்லிசாக ஒரு தடவை விடுங்கள். டேப்புக்கு அடியில் கசிவது அதுவாக இருக்கும், இரண்டாம் நிறம் கசிய இடமிருக்காது. டேப்பைப் பெயின்ட் இறுகும் முன், முதுகோடு முதுகாக மடக்கி மெதுவாக இழுங்கள். இறுகியிருந்தால் ஓரத்தில் பிளேடால் லேசாகக் கீறிவிட்டு எடுங்கள்.

நிறம் வெயிலில் வெளுக்கிறது

ஒளிரும் இளஞ்சிவப்பு, ஒளிரும் பச்சை இரண்டும் வெளுக்கத்தான் செய்யும், அந்த நிறமிகளின் குணம் அது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கொஞ்ச நாள் கூட்டும். மஞ்சளும் சிவப்பும் அடித்த அன்றே மங்கலாகத் தெரிந்தால் அது வெளுப்பு இல்லை, அடியில் கறுப்பு தெரிகிறது. வெள்ளைப் பிரைமர் வேண்டும்.

லென்ஸ் திரும்ப உட்காரவில்லை

லென்ஸ் உட்காரும் பள்ளத்தில் பெயின்ட் புகுந்திருக்கிறது. ஒரு கோட் காய்ந்தால் ஏறக்குறைய 20 மைக்ரான் தடிமன் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). ஐந்து கோட், இரண்டு பக்கம் என்றால் 0.2 மில்லிமீட்டர், அவ்வளவு இடைவெளி அந்தப் பள்ளத்தில் கிடையாது. அழுத்தி ஏற்றினால் லென்ஸ் ஏறிவிடும், ஆனால் அந்த இறுக்கம் நாலு நாளில் மூலையில் விரிசலாக வரும். கோணலாக இறுகிய லென்ஸ் பார்வையையும் வளைக்கும், பிள்ளைக்குத் தலைவலி வரும்.

மூங்கில் பல்குச்சியின் முனையைச் சரிவாக வெட்டிப் பள்ளத்தில் ஓட்டினால் பெயின்ட் நூலாகக் கழன்று வரும். கத்தி முனையைக் காட்டாதீர்கள், பள்ளத்தின் உதடு உடையும். பிறகு பிரேமைக் கை பொறுக்கும் வெந்நீரில் ஒரு நிமிடம் காட்டித் துடைத்து, மூக்குப் பக்கத்து மூலையை முதலில் பள்ளத்தில் செருகி, மறுமூலையை இரண்டு கட்டைவிரலாலும் முன்பக்கத்திலிருந்து அழுத்துங்கள். டக்கென்று உட்கார வேண்டும். மாட்டியதும் ஜன்னல் கம்பியைத் தூரத்திலிருந்து லென்ஸ் வழியாகப் பார்த்து, பிரேமை மெல்ல இடமும் வலமும் ஆட்டுங்கள். கம்பி நேராகவே நின்றால் லென்ஸில் இறுக்கம் இல்லை. நெளிந்தால் கழற்றி, பள்ளத்தில் பல்குச்சியை இன்னொரு சுற்று ஓட்டுங்கள்.